எந்தக் கையால் எழுதுவாய்?



பென்சில்வேனியாவில் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. "சார், அமெரிக்காவில் என்ன பார்த்தீர்கள்?" என்று பலரும் கேட்டிருந்தீர்கள். நயாகராவைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் எழுதப்போவது ஒரு துப்பாக்கிக் கடையைப் பற்றி.

பேத்திக்கு 14 வயது. பள்ளித் தோழியின் குடும்பத்தைப் பார்த்து அவளுக்கும் வேட்டை ஆசை. இங்கே அதற்கென்று வகுப்பு உண்டு. தேர்வு எழுதித் தேறினால்தான் உரிமம். தேறிவிட்டாள். பெரியவர் ஒருவர் துணையில்லாமல் இந்த வயதில் காட்டுக்குள் போக முடியாது. மருமகன் சம்மதித்தார், எனக்கு மனம் ஒப்பவில்லை. நம் நாட்டில் 1972-இலேயே வனவிலங்குச் சட்டம் வந்துவிட்டது. இங்கே துப்பாக்கியால் நடக்கும் கொடுமைகளையும் செய்திகளில் பார்க்கிறோம். "வாங்க தாத்தா, பார்த்துட்டு அப்புறம் திட்டுங்க" என்று இழுத்துப்போனாள்.

கடைக்காரர் என் வயதுக்காரர். அலமாரியிலிருந்த பெரிய துப்பாக்கியைப் பேத்தி காட்டினாள். அவர் அதை எடுக்கவில்லை. முதலில் கேட்டது ஒரே கேள்வி: "எந்தக் கையால் எழுதுவாய்?"

"இடது கை."

பிறகு இரண்டு கைகளையும் நீட்டி, நடுவில் சிறு முக்கோண இடைவெளி விட்டு, அதன் வழியே சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். வலக்கண்ணை மூடியபோதும் கடிகாரம் இடைவெளிக்குள்ளேயே இருந்தது. இடக்கண்ணை மூடியதும் மறைந்தது. அவளுக்குக் குறிபார்ப்பதும் இடது கண்தான்.

அதன்பிறகே துப்பாக்கிகள் வந்தன. எல்லாம் பம்ப் ஆக்‌ஷன் வகை. குழலுக்குக் கீழே உள்ள பிடியைப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் அடுத்தது உள்ளே ஏறும். ரெமிங்டன் 870-இல் பாதுகாப்புப் பொத்தான் விசைக்குப் பின்னால் குறுக்கே இருக்கிறது. வலக்கைக்காரருக்கு ஏற்ற அமைப்பு. மாஸ்பெர்க் 500-இல் அது மேற்புறம், கட்டைவிரலுக்கு நேராக. எந்தக் கைக்கும் ஒன்றுதான். மாஸ்பெர்க்கை அவள் கையில் கொடுத்தார்.

அடுத்தது கேஜ். கணக்கு வாத்தியார் காதில் தேன் பாய்ந்தது. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் விட்டம்தான் 12 கேஜ் குழலின் விட்டம். 20 உருண்டைகளாக்கினால் 20 கேஜ். எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும். (விட்டம் எந்த மூலத்தின்படி குறையும்? பதில் சொல்பவருக்கு நூற்றுக்கு நூறு.) அவளுக்கு 20 கேஜ் போதும் என்றார், தோளில் உதை குறைவு. 20 கேஜ் தோட்டா மஞ்சள் நிறத்தில் வருகிறது. தவறிப்போய் 12 கேஜ் துப்பாக்கியில் போட்டால் குழலுக்குள் வழுக்கிச் சிக்கிக்கொள்ளும். அதன்மேல் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும். அதைத் தடுக்கவே அந்த நிறம்.

கடைசியாகக் கட்டை. தோளில் வைக்கும் முனையிலிருந்து விசை வரை பெரியவர்களுக்கு ஏறக்குறைய 14 அங்குலம். இவள் கை எட்டவில்லை. சிறுவர்களுக்கான கட்டையில் இடைத்தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் 12 முதல் 13 அங்குலம் வரை மாற்றலாம். ஒரு தகட்டைக் கழற்றி, பிடிக்கச் சொல்லி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றி, கன்னம் கட்டையில் பதிந்து கண் குழலுக்கு நேராக வரும்வரை அவர் விடவில்லை. "வளர்ந்ததும் தகட்டைச் சேர்த்துக்கொள். துப்பாக்கிக்காக நீ வளைந்தால் குறி தப்பும்" என்றார்.

அங்கேதான் எனக்கு நெஞ்சில் முள் தைத்தது.

பல ஆண்டுகளுக்கு முன், ஆறாம் வகுப்பு. மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் இடக்கையால் எழுதினான். "சோத்துக்கையால எழுதுடா" என்று ஸ்கேலால் அடித்தேன். பலமுறை அடித்தேன். இடக்கையைப் பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டு, வலக்கையால் கோணல்மாணலாக எழுதினான். அதுவரை கணக்கை எல்லோருக்கும் முன்னால் முடித்து எழுந்து நிற்பவன், அதன்பிறகு எழுந்து நிற்கவே இல்லை. எழுத்தைத் திருத்திவிட்டேன் என்று பெருமைப்பட்டேன். எந்தக் கையால் எழுதுவாய் என்று ஒருநாளும் அவனைக் கேட்கவில்லை.

துப்பாக்கியின் மேல் எனக்கு இன்னும் பிரியம் வரவில்லை. அது இரும்புப் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது, சாவி மருமகனிடம். அந்தக் கடைக்காரரை மட்டும் மறக்க முடியவில்லை.

தம்பி, பெயர் சொல்லி உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். இதைப் படித்தால் உனக்கே தெரியும். நான் செய்தது தவறு. மன்னித்துக்கொள். முடிந்தால் ஒரு வரி எழுது, எந்தக் கையாலானாலும் சரி.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒன்று: நாளை வகுப்பில் இடக்கைப் பிள்ளை இருந்தால், பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வையுங்கள். பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது. அவ்வளவுதான் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்