ஒரு மரவீடு சொன்ன பாடம்

கல்விச் சுற்றுலா என்றதும் நமக்கெல்லாம் ஞாபகம் வருவது ஜன்னல் சீட்டும், பாட்டும், புளியோதரைப் பொட்டலமும்தான். நானும் அந்த நினைப்பில்தான் பஸ் ஏறினேன். எங்கள் சிவில் பிரிவை அழைத்துப் போன இடம், சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள தட்சிணசித்ரா.

அதற்கு முன்னால் ஒரு வீட்டுக் கதை. பாகூர் கொம்யூனில் எங்கள் வீடு தாத்தா கட்டியது. மண்சுவர், நாட்டு ஓடு, பனங்கை. கல்வீட்டுத் திட்டத்தில் உதவித்தொகை கிடைத்து, அதை இடிக்க நாள் குறித்தாகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான் என்பதால் எஸ்டிமேட் போடும் வேலை என் தலையில் விழுந்தது. வரவுப் பக்கத்தில், 'பழைய மரம் விற்றது – ரூ. 6,500' என்று எழுதினேன். தாத்தா தன் கையால் இழைத்த வேப்பமர வாசக்காலும் கதவும் அதில் அடக்கம். தினமும் தலையில் இடிக்கிற தாழ்ந்த வாசல், போனால் போகட்டும் என்றிருந்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

தட்சிணசித்ரா 10 ஏக்கர் பரப்பு. மரநிழலில் ஒரு கிராமம் போலவே இருக்கிறது. 1984இல் டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன், 1996 டிசம்பரில் இதைப் பொதுமக்களுக்குத் திறந்தது. கட்டட அமைப்பில் லாரி பேக்கரின் பங்கு உண்டு. நம் பாடத்தில் சிக்கனக் கட்டுமானத்துக்கு வருவாரே, அதே பேக்கர்தான். இப்படிப் பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து ஒரே இடத்தில் நிறுத்தும் வேலையை சுவீடன்காரர்கள் 1891லேயே ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சன் என்ற இடத்தில் ஆரம்பித்துவிட்டார்கள்.

செட்டிநாட்டு வீடு, நெசவாளர் வீடு எல்லாம் பார்த்தோம். என்னை நிறுத்தியது கோட்டயம் பக்கம் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு. 1850ஆம் ஆண்டு வீடு. சுவர், கூரை எங்கு பார்த்தாலும் மரம்! கேரளத்தில் பிரித்து, இங்கே கொண்டுவந்து, மறுபடி பூட்டியிருக்கிறார்கள். எப்படி முடிந்தது? மரம் மரத்தோடு துளையும் கழுந்துமாகச் சேர்ந்திருக்கிறது. நாம் பரீட்சைக்கு உருப்போட்ட மார்ட்டிஸ், டெனன் ஜாயின்ட்! கான்கிரீட்டை உடைத்தால் ஜல்லிதான் மிஞ்சும். இந்த வீட்டைப் பிரித்தால் வீடே மிஞ்சுகிறது.

ராத்திரி வீட்டுக்கு வந்து அப்பாவிடம் படம் போட்டுக் காட்டினேன். அப்பா தச்சு வேலை கற்றவர். இப்போது போவது சென்டரிங் வேலைக்கு.

"கழுந்து தானடா இது? இங்க வா" என்று எழுந்துபோய் எங்கள் வாசக்காலின் மூலையைத் தடவிக் காட்டினார். "இதுலயும் ஆணி கெடையாது. உங்க தாத்தா போட்டது. ஆப்பத் தட்டினா கழண்டு வரும்."

"ஏம்பா இத்தினி நாளா சொல்லல?"

"நீ எங்க கேட்ட? படிச்ச புள்ள கணக்குப் போட்டா சரியாத்தான் இருக்கும்னு வுட்டுட்டேன்."

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. எஸ்டிமேட்டை எடுத்து வாசக்காலையும் கதவையும் அடித்தேன். நாலாயிரம் துண்டு விழுந்தது. செமஸ்டர் லீவில் அப்பாவோடு சென்டரிங் வேலைக்குப் போய் அதைச் சரிக்கட்டினேன். பலகை தூக்கித் தூக்கித் தோள் காய்த்தது தனிக்கதை!

வாசக்காலைப் பிரித்த அன்று நான் சாக்பீஸால் 1, 2, 3 என்று துண்டுகளுக்கு நம்பர் போட்டேன். எழுத்தறியாத அப்பா உளியால் ஒரு வெட்டு, ரெண்டு வெட்டு என்று அடையாளம் வைத்தார். கொட்டாயில் அடுக்கி வைத்த மரத்தில் மழைச்சாரல் அடித்து என் நம்பரெல்லாம் அழிந்துபோனது. அப்பாவின் வெட்டு அப்படியே இருந்தது. அதைப் பார்த்துத்தான் திரும்பப் பூட்டினோம்.

இன்று எங்கள் கல்வீட்டின் தோட்டத்து வாசலில் தாத்தாவின் கதவு நிற்கிறது. இன்னமும் தலையில் இடிக்கத்தான் செய்கிறது. ஆயா மட்டும் பழக்கத்தில் குனிந்து போய்விடுகிறாள்!

நண்பர்களே, நாளைக்கு நாமெல்லாம் ஓவர்சியராக, இன்ஜினியராகப் போகிறவர்கள். 'இடிக்க வேண்டியது' என்று எழுதும் முன், அதைக் கட்டியவரிடம் ஒரு வார்த்தை கேட்போம். அவர் நம் வீட்டிலேயேகூட இருக்கலாம்.

– இறுதியாண்டு மாணவன், சிவில் பிரிவு