மூன்று கோடுகள்

எனக்கு ஒரு வலைத்தளம் வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. என் தங்கை மகன் கம்ப்யூட்டர் படித்தவன். "மாமா, உங்கள் கதைகளையெல்லாம் ஓரிடத்தில் போட்டு வைத்தால் யார் வேண்டுமானாலும் படிக்கலாமே!" என்று ஆசை காட்டினான். எழுதுகிறவனிடம் இப்படிச் சொன்னால் அவன் வேண்டாம் என்பானா? தலையாட்டிவிட்டேன்.

ஒரே மாதத்தில் தளம் தயாராயிற்று. திறந்ததும் வீணை ஒலித்தது. என் புத்தக அட்டைகள் சுவாமி புறப்பாடு போல ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வந்தன. என் புகைப்படம் மங்கலாகத் தோன்றி மெள்ளத் தெளிந்தது. அதில் எனக்குப் பத்து வயது குறைந்திருந்தது. பிரமாதம் என்றேன்.

"இனிமேல்தான் பரீட்சை, மாமா" என்றான் பையன்.

ஜேக்கப் நீல்சன் என்று ஒரு நிபுணர். ஐந்து பேரை உட்கார வைத்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்தாலே தளத்தின் குறைகளில் பெரும்பகுதி வெளிப்பட்டுவிடும் என்று 2000-ஆம் ஆண்டில் எழுதியிருக்கிறார். ஒரு நிபந்தனை உண்டு. கவனிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லிக் கொடுக்கக் கூடாது. நாவலாசிரியனுக்கு இதைவிடக் கடினமான விரதம் இருக்க முடியாது!

முதல் ஆளாகத் திருச்சியிலிருந்து வந்திருந்த என் அக்காவைப் பிடித்தோம். வயது 74. என் கதைகளைக் கையெழுத்துப் பிரதியிலேயே படித்துத் தப்புச் சொன்ன முதல் வாசகி. "உனக்குப் பிடித்த பழைய கதை ஒன்றை இதில் தேடி எடு, அக்கா" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அட்டையின்மேல் விரலை வைத்தாள். விரல் போய்ச் சேருவதற்குள் அட்டை நகர்ந்து, வேறு புத்தகம் திறந்துகொண்டது. "ஓடுகிற பஸ்ஸிலே ஏறச் சொல்கிறாயே!" என்றாள். பிறகு வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கதைப் பட்டியல் முழுவதும் மூலையிலிருந்த மூன்று கோடுகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அவள் அதைக் கண்டாள், ஆனால் தொடவில்லை. "விபூதிப் பட்டையெல்லாம் போட்டிருக்கே, எப்போதடா இவ்வளவு பக்திமான் ஆனாய்?" என்று கேட்டாள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பையன் என் காலை மிதித்தான்.

ஒருவழியாகக் கதை அகப்பட்டது. படிப்பதற்கு முன் பெயரைப் பதிவு செய்யச் சொல்லிற்று. முதல் பெயர், கடைசிப் பெயர். நம்மில் பலருக்குக் கடைசிப் பெயர் ஏது? அக்கா யோசித்துத் தன் இனிஷியலைப் போட்டாள். குறைந்தது மூன்று எழுத்து வேண்டும் என்று சிவப்பில் கோபித்துக்கொண்டு, அவள் கஷ்டப்பட்டு அடித்த அத்தனையையும் தளம் அழித்துவிட்டது.

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். "தளம் நல்லாத்தான் இருக்கு, தம்பி. எனக்குத்தான் புத்தி மட்டு. அன்றைக்கும் இப்படித்தான்..."

என்றைக்கு? மெதுவாக விசாரித்தபோதுதான் விஷயம் வந்தது. அத்திம்பேர் காலமான பிறகு அவளுக்கு வரும் குடும்ப ஓய்வூதியத்துக்கு, உயிரோடிருப்பதாக ஆண்டுக்கொரு முறை சான்று கொடுக்க வேண்டும். ஓர் அலுவலகத்தின் தளத்தில் அதைத் தானே செய்யப் பார்த்திருக்கிறாள். இதே சிவப்பு எழுத்து, இதே அழிப்பு. மூன்று மாதம் பணம் நின்றுவிட்டது. எங்களிடம் சொல்ல வெட்கப்பட்டு, வளையலை அடகு வைத்திருக்கிறாள்.

பையன் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றான்.

டொனால்டு நார்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1988-இல் வெளியிட்ட புத்தகத்தில் கதவுகளைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறார். தள்ள வேண்டிய கதவுக்கு இழுக்கிற கைப்பிடியை வைத்துவிடுகிறார்கள். இழுத்து ஏமாந்தவனோ தன்னையே நொந்துகொள்கிறான். எங்கள் அக்காவும் அந்தக் கைப்பிடியைத்தான் இழுத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவள் 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அன்று இரவே பையன் வேலையைத் தொடங்கினான். அட்டைகள் நின்ற இடத்தில் நின்றன. மூன்று கோடுகள் போய், 'கதைகள்', 'கட்டுரைகள்' என்று எழுத்திலேயே வந்தன. பதிவுப் படிவம் அடியோடு போயிற்று. சாம்பல் நிற எழுத்துகள் கறுப்பாயின. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று 2008-லேயே சர்வதேச நெறிமுறை வகுத்திருக்கிறார்களாம். வீணையை மட்டும் விட்டுவை என்று கெஞ்சினேன். நடக்கவில்லை. புகைப்படம் தபால்தலை அளவாகச் சுருங்கிற்று.

அடுத்து நான்கு பேரைப் பிடித்தோம். பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவன்கூட இரண்டு இடத்தில் திணறினான். வயசு மட்டும் காரணமில்லை என்று தெரிந்ததும் அக்காவுக்கு அதை உடனே போன் செய்து சொன்னேன்.

பத்து நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். கதையைத் தேடி எடுத்து, முழுக்கப் படித்துவிட்டாளாம்.

"எப்படி இருந்தது, அக்கா?"

"கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. மூன்றாவது பாராவில் ஓர் ஒற்று விட்டுப் போயிருக்கு. முடிவுதான் அன்றைக்கே எனக்குப் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை" என்றாள்.