எந்த ஆப் பாவிக்கிறீர்கள்?

ஊர்ப் பழைய ஆவணங்களைத் திரட்டும் எங்கள் வேலையைப் பற்றிப் போன மாதம் ஒரு பதிவு போட்டிருந்தோம். அதற்குப் பிறகு இன்பொக்ஸில் வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "நீங்க எந்த ஆப் பாவிக்கிறீங்க?" ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் பெயரைச் சொன்னால் நாளைக்கே அதை இறக்கிவிட்டு, ஒரு மாதத்தில் கைவிட்டுவிடுவீர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம். நேரமிருப்பவர்கள் வாசியுங்கள்.

நாங்கள் ஏழு பேர். ஐவர் ஆசிரியர்கள், ஒருவர் ஓய்வுபெற்ற அதிபர், ஒருவர் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி. மூன்று பேர் மன்னார் தீவுக்குள், இரண்டு பேர் முசலிப் பக்கம், மற்ற இருவரும் புத்தளத்தில். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் தீவிலிருந்து போனவர்கள் வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போய் இறங்கினார்கள். கையில் பிடித்துக்கொண்டு போனது என்ன என்று கேட்டால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பதில் இருக்கும். காணி உறுதி, தவணைத் தேர்ச்சி அறிக்கை, ஒரு கலியாணப் போட்டோ, அரபுத் தமிழில் எழுதிய கிதாபு, பள்ளிவாசல் கணக்குக் கொப்பி. அவற்றைப் படமெடுத்து, யாருடையது, எந்த வருடம், என்ன எழுதியிருக்கிறது என்று பதிந்து வைப்பதுதான் எங்கள் வேலை. கொண்டுபோனவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். போட்டோவில் நிற்பவர் யார் என்று சொல்ல ஆளில்லாத போட்டோக்கள் இப்போதே எங்களிடம் இருக்கின்றன.

சேர்ந்து உட்கார்ந்து செய்வதென்றால் தூரம் விடாது. இலவங்குளம், மறிச்சுக்கட்டி வழியாகப் பார்த்தால் புத்தளம் பக்கம்தான். அந்தக் காட்டுப் பாதை திறந்திருப்பதும் மூடியிருப்பதும் நம் கையில் இல்லை. மதவாச்சி, அனுராதபுரம் சுற்றிப் போனால் பகல் முழுக்க பஸ்ஸிலேயே முடியும். ஆகவே ஆப் இல்லாமல் எங்களுக்கு வேலையே இல்லை. இது ஆப்புக்கு எதிரான பதிவல்ல என்பதை முதலே சொல்லிவிடுகிறோம்.

பலர் நினைப்பது, படங்கள் கூடும்போது வேலை சிக்கலாகிறது என்று. படங்களை ஒரு பென் ட்ரைவில் போட்டுவிடலாம். சிக்கல் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறும் இடத்தில்தான் இருக்கிறது. படமெடுத்தவர் ஒருவர், எழுத்தை வாசித்துத் தட்டச்சு செய்பவர் வேறொருவர், அதைச் சரிபார்ப்பவர் மூன்றாமவர், உரிமையாளரிடம் ஒப்புதல் வாங்குபவர் நாலாமவர். "அது முடிஞ்சுதா?" என்ற கேள்விதான் வட்ஸ்அப் குழுவில் நாளுக்கு இருபது தடவை வரும்.

எங்கள் தம்பி ட்ரெல்லோவைக் கொண்டுவந்தான். நல்ல சாமான், குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஓர் அட்டை, வேலை நகர நகர அட்டையை இடமிருந்து வலமாக இழுத்துவிடலாம். டொயோட்டா தொழிற்சாலைகளில் கன்பான் என்று அட்டை வைத்து வேலை நகர்த்திய முறையின் வழிவந்தது இது. அதன் மேலே பவர்-அப் என்று மேலதிகச் செயலிகள்: நாட்காட்டி ஒன்று, வாக்கெடுப்பு ஒன்று, வரைபடம் ஒன்று. தம்பி இரண்டு நாளில் ஆறு பூட்டிக் காட்டினான். 2011இல் வந்த ட்ரெல்லோவை 2017இல் அட்லாசியன் நிறுவனம் 42.5 கோடி டொலருக்கு வாங்கியது. இலவசப் பலகைக்கு ஒரேயொரு பவர்-அப் என்று ஒரு காலம் விதி இருந்தது, பிறகு எத்தனையும் போடலாம் என்றார்கள், 2024இல் இலவசக் குழுவுக்குப் பத்துப் பேர்தான் என்று வரம்பு வைத்தார்கள். வியாபாரிக்கு விலை வைக்கும் உரிமை உண்டு, அதில் பிழையில்லை. ஆனால் கட்டாரிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நாளைக்கு நாலு பேர் சேர்ந்தால் நாங்கள் பதினொன்று. பத்து வருடம் ஓட வேண்டிய வேலையை வரம்பு மாறும் இடத்தில் வைக்கலாமா என்பதுதான் கேள்வி.

அதைவிடப் பெரிய விசயம் அனுமதித் திரை. கூகுள் ஷீட்டுக்கோ படிவத்துக்கோ ஒரு மேலதிகச் செயலியைப் பூட்டும்போது ஒரு பக்கம் வரும், நாம் எல்லோரும் வாசிக்காமல் தட்டிவிட்டுப் போவது. சில செயலிகள் அதில் கேட்பது, உங்கள் ட்ரைவிலுள்ள எல்லாக் கோப்புகளையும் பார்க்க, திருத்த, உருவாக்க, நீக்க அனுமதி. வேறு சில, அந்தச் செயலியோடு நீங்கள் பாவிக்கும் கோப்புகளை மட்டும் கேட்கும். இரண்டுக்கும் உள்ள தூரம், கடைக்காரனிடம் பத்து ரூபாய் கொடுப்பதற்கும் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கும் உள்ள தூரம்.

எங்கள் ட்ரைவில் இருப்பது பூப்படம் அல்ல. முசலியில் எவ்வளவு காணி இன்னும் முடிவில்லாமல் கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் காணிகளின் உறுதியும் பெர்மிட்டும் அதில் இருக்கின்றன. அடையாள அட்டை இலக்கம் இருக்கிறது. உறுதியைக் கையில் கொடுத்த ஒரு மூத்த ராத்தா கேட்டார்: "புள்ள, இதை ஆரெல்லாம் பாப்பாங்க?" எழுத்து வாசனை பெரிதாக இல்லாத அவர் கேட்டதைத்தான் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கேட்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு அரபு எழுத்துள்ள புத்தகத்தை வீட்டில் வைத்திருக்கவே பயந்து அப்புறப்படுத்திய குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்டவர்கள் நம்பித் தந்த கிதாபு, பெயர் தெரியாத ஒரு செயலி வழியாக எங்கே போகிறது என்று எங்களால் சொல்ல முடியாவிட்டால், வாங்கவே கூடாது. இந்தப் பேச்சுக்குப் பிறகு தம்பியே ஆறையும் கழற்றினான்.

சரி, வேறு என்ன செய்தோம்? மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தோம். 1998 பொங்கலுக்கு சுவிற்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், ஒரு நாட்டில் ஒருவர் தட்டச்சு செய்ய இன்னொரு நாட்டில் ஒருவர் மெய்ப்புப் பார்த்தார். பெரும்பாலும் மின்னஞ்சல்தான் கருவி. 1981இல் யாழ் நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த மண்ணில், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் மீடியாவிக்கி என்ற இலவச மென்பொருளின் மேல் நிற்கிறது. அதே மென்பொருளில் ஓடும் விக்கிமூலத்தில் எங்களுக்கு உண்மையிலேயே பிடித்த ஒரு மேலதிகச் செயலி இருக்கிறது. மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தால் மஞ்சள், இரண்டாமவர் பார்த்தால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது, செயலி விடாது. அந்த ஒரு விதிக்காகவே அதைச் செய்தவர்களுக்குத் துஆச் செய்யலாம். பரீட்சைத் தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அந்தச் செயலியை நாங்கள் பூட்டவில்லை, விதியை மட்டும் எடுத்தோம். ஒரேயொரு கூகுள் ஷீட். ஒரு வரிக்கு ஓர் ஆவணம், ஒவ்வொன்றுக்கும் இலக்கம். "நிலை" என்ற நிரலில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தெரிவுப் பட்டியல், சொல்லைத் தெரிந்தால் வரி தானாக நிறம் மாறும். பக்கத்தில் "பார்த்தவர் 1", "பார்த்தவர் 2", இரண்டிலும் ஒரே பெயர் வந்தால் கட்டம் கறுப்பாகும். யார் எதை மாற்றினார் என்ற வரலாறும், மாற்றங்களை நாளுக்கொரு தடவை மின்னஞ்சலில் அனுப்பும் வசதியும் ஷீட்டுக்குள்ளேயே உண்டு. இவற்றுக்காகத் தனிச் செயலி தேடுபவர்கள் முதலில் மெனுவை முழுக்க ஒரு தடவை திறந்து பாருங்கள். அச்சிட்ட தமிழ் என்றால் படத்தை ட்ரைவில் ஏற்றி கூகுள் டொக்ஸாகத் திறந்தால் எழுத்து ஓரளவுக்கு வந்துவிடும். கையெழுத்தில் தடுமாறும். அரபுத் தமிழுக்கு மட்டும் இன்னும் ஓதத் தெரிந்த மனிதர்தான் வேண்டும். எங்கள் மௌலவி ஒருவர் வெள்ளிக்கிழமைகளில் ஒரு மணித்தியாலம் தருகிறார்.

ஒரு மேலதிகச் செயலியை மட்டும் வைத்திருக்கிறோம். படிவத்தில் நிரப்பியதை ஒரு பக்க ஒப்புதல் கடிதமாக மாற்றித் தருவது. அதுவும் முழு ட்ரைவையும் கேட்டது. ஆகவே அதற்கென்றே புதிதாக ஒரு கூகுள் கணக்குத் திறந்து, அந்தப் படிவத்தைத் தவிர வேறொன்றும் இல்லாமல் விட்டிருக்கிறோம். வெறும் வீட்டின் சாவியை வைத்து அது என்ன செய்யும்!

அதிபர் நானாவுக்கு ஷீட் ஒத்துவரவில்லை. அவருடைய போனில் கட்டங்கள் எறும்பு மாதிரித் தெரிகின்றன. ஆனால் 1970களின் பாடசாலை அவர் தலைக்குள் அப்படியே இருக்கிறது. அவருக்காக எடுத்த முடிவு: குழுவில் மிகப் பழைய போன் வைத்திருப்பவரால் முடியாத எதையும் கட்டாயமாக்குவதில்லை. அவர் வட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார், "தொண்ணூற்றாறாம் நம்பர், அந்தப் படத்தில வலது பக்கம் நிக்கிறது எங்க மாஸ்டர்ட மகன்" என்று. கேட்பவர் ஷீட்டில் ஏற்றுவார். கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாடுகிறவர் எல்லோரையும் ஒரே தாளத்துக்குக் கொண்டுவருவார் அல்லவா, அந்த வேலையை எங்கள் குழுவில் நானாவின் குரல் செய்கிறது.

ஆனால் வட்ஸ்அப்பை மட்டும் நம்பவும் முடியாது. 2018 மார்ச்சில் முடக்கினார்கள், 2019 ஏப்ரலில் ஒரு கிழமைக்கு மேல் முடக்கினார்கள், 2022 ஏப்ரலிலும் நிறுத்தினார்கள். அந்த 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டும் பார்த்தோம். அதனால் மாதத்தில் கடைசிச் சனிக்கிழமை ஷீட்டையும் படங்களையும் இறக்கி இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைக்கிறோம். ஒன்று தீவில், ஒன்று புத்தளத்தில். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைப்பதில்லை என்று நாங்கள் ஏன் பிடிவாதமாக இருக்கிறோம் என்பதை எங்கள் ஊர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை.

ஷீட்டின் வெற்றுப் பிரதி வேண்டுமென்றால் இன்பொக்ஸில் கேளுங்கள், இன்ஷா அல்லாஹ் அனுப்புகிறோம். பாடசாலைப் பழைய வரவு இடாப்புகள் கற்பிட்டி, புத்தளம் வீடுகளில் எங்காவது கிடந்தால் தெரிவியுங்கள். படமெடுத்து அனுப்புபவர்கள் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். பெயர்கள் பெரும்பாலும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கின்றன.