பன்னிரண்டு விழுந்தால் இன்னொரு ஆட்டம்

தாயக்கட்டைக்கு நான்கு முகங்கள்தான். பித்தளையில் விரல் நீளத்துக்கு இருக்கும். மூன்று முகங்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள். நான்காவது முகம் வெறுமை. இரண்டு கட்டைகளையும் உள்ளங்கையில் உரசி உருட்டினால் ஒன்றிலிருந்து ஆறு வரை ஏதாவது விழும். இரண்டுமே வெறுமையாக விழுந்தால் அதைப் பூஜ்யம் என்று யாரும் சொல்வதில்லை. அது பன்னிரண்டு. ஆட்டத்தின் ஆகப் பெரிய எண். போட்டவருக்கு இன்னொரு ஆட்டமும் உண்டு. ஒன்றுமில்லாததும் ஒன்றுமில்லாததும் சேர்ந்தால் பன்னிரண்டு என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தாரோ தெரியாது. தோற்றுக்கொண்டிருந்த ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

கனசதுரப் பகடை வேறு ஜாதி. ஆறு முகம், எல்லாவற்றிலும் புள்ளி உண்டு. இரண்டை உருட்டினால் 2 முதல் 12 வரை. அடிக்கடி விழுவது 7. இந்தப் பகடையை நம்பி 1982-இல் இங்கிலாந்தில் ஒரு புத்தகம் வந்தது. ‘தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்’. எழுதியவர்கள் ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டன், வெளியிட்டது பஃபின். ‘ஃபைட்டிங் ஃபேண்டஸி’ வரிசையின் முதல் புத்தகம். நானூறு எண்ணிட்ட பத்திகள். வாசகர்தான் நாயகர். ஒரு மலைக்குள் ஒரு மந்திரவாதி இருக்கிறான், அவனிடம் ஒரு புதையல் இருக்கிறது, நீ போய் எடுத்துக்கொண்டு வா. அவ்வளவுதான் கதை. முதல் பத்தி முடியும்போதே கேள்வி வந்துவிடும்: மேற்கே போனால் 71, கிழக்கே போனால் 278. எந்தப் பத்திக்குப் போகிறாய்?

இப்படிப் பிரிந்து பிரிந்து போகும் கதைப் புத்தகங்கள் அமெரிக்காவில் அதற்கு முன்பே இருந்தன. எட்வர்ட் பேக்கர்டின் ‘தி கேவ் ஆஃப் டைம்’ 1979-இல் வந்தது. அவற்றில் பகடை கிடையாது. ஜாக்சனும் லிவிங்ஸ்டனும் சேர்த்தது பகடையும் மூன்று கணக்குகளும். திறமை: ஒரு பகடை உருட்டி ஆறைக் கூட்டவேண்டும். உடல் வலு: இரண்டு பகடை உருட்டிப் பன்னிரண்டைக் கூட்டவேண்டும். அதிர்ஷ்டம்: மறுபடி ஒரு பகடை, கூட ஆறு. சண்டை வந்தால் இரண்டு பேருக்கும் தனித்தனியாக இரண்டு பகடை உருட்டி, அவரவர் திறமையைக் கூட்டவேண்டும். யாருடையது பெரிதோ அவர் அடித்தார் என்று பொருள். அடிபட்டவருக்கு வலுவில் இரண்டு போகும்.

மூன்றாவது கணக்கில்தான் விசேஷம் இருக்கிறது. சில இடங்களில் ‘உன் அதிர்ஷ்டத்தைச் சோதித்துப் பார்’ என்று புத்தகம் சொல்லும். இரண்டு பகடை உருட்டி, விழுந்தது உன் அதிர்ஷ்ட எண்ணுக்குள் இருந்தால் தப்பித்தாய். தாண்டினால் மாட்டினாய். தப்பித்தாலும் மாட்டினாலும் அதிர்ஷ்டத்தில் ஒன்று கழிந்துவிடும். பயன்படுத்தப் பயன்படுத்தக் குறைகிற சாமான் அது.

இந்தப் புத்தகம் 2006 மே மாதம், என் பதின்மூன்றாவது வயதில், திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு பழைய புத்தகக் கடையிலிருந்து பதினைந்து ரூபாய்க்கு வந்தது. அதே மே மாதம் கல்லிடைக்குறிச்சியில் என் ஆச்சி குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். வயது எழுபத்து நான்கு. பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சர்க்கரை அதிகம், ரத்தக்கொதிப்பு வேறு. அது இறங்கட்டும் என்று காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். அம்மா வேலைக்குப் போவார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் பகலில் துணைக்கு நான்.

ஆச்சிக்கு ஆங்கிலம் தெரியாது. நான் பத்தி பத்தியாகத் தமிழில் சொல்லவேண்டும். முதல் வரியிலேயே ஒரு சிக்கல் வந்தது. ஆங்கிலத்தில் அரசனும் ஆண்டியும் ஒரே ‘யூ’. தமிழில் நாயகரை ‘நீ’ என்றுதான் கூப்பிடவேண்டும், அப்போதுதான் கதையாகக் கேட்கும். ஆனால் ஆச்சியைப் பார்த்து ‘நீ’ என்று எனக்கு வாய் வராது. “ஆச்சி, நீங்க இப்ப ஒரு குகை வாசல்ல நிக்கிய. கையில வாள் வச்சிருக்கிய” என்று ஆரம்பித்தேன். ஆச்சி அதை ஒன்றும் வினோதமாக எடுத்துக்கொள்ளவில்லை. “வெளக்கு இருக்கா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். “அப்பம் செரி.”

பகடைதான் போதவில்லை. வீட்டில் லூடோ பெட்டியில் ஒன்றே ஒன்று இருந்தது. அதை வைத்து மூன்று கணக்குகளையும் போட்டோம். திறமை 8, வலு 19, அதிர்ஷ்டம் 11. சண்டைக்கும் சோதனைக்கும் ஆச்சியின் தாயக்கட்டையே போதும் என்று முடிவானது. சத்தம் கேட்டால் சிஸ்டர் வருவார் என்பதால் எவர்சில்வர் தட்டில் துண்டை விரித்து அதன்மேல் உருட்டினோம்.

மேற்கா, கிழக்கா? நெல்லைக்காரர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது? “மேக்கதான் மல. கெழக்க போனா கடலுல்லா வரும்” என்றார் ஆச்சி. பத்தி 71. அங்கே ஒரு காவல்காரப் பூதம் தூங்கிக்கொண்டிருக்கிறது. சத்தமில்லாமல் தாண்டிப் போக அதிர்ஷ்டத்தைச் சோதிக்கவேண்டும். ஆச்சி உரசி உருட்டினார். இரண்டும் வெறுமை.

“பன்னண்டு!” என்று ஆச்சி போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் விளக்கினேன்: இந்தப் புத்தகத்தில் பன்னிரண்டு மோசம், அதிர்ஷ்டம் 11-ஐத் தாண்டிவிட்டது, பூதம் விழித்துக்கொண்டது. ஆச்சி என்னைப் பார்த்த பார்வை மறக்காது. “எந்த ஊருலட்டி பன்னண்டு விழுந்தா தோக்கிறது? இன்னொரு ஆட்டம் உண்டும். எடு கட்டைய.” அன்றிலிருந்து அது எங்கள் விதி. பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம்.

இப்படி ஒவ்வொரு விதியாக ஆற்றங்கரைக்கு வந்துசேர்ந்தது. புத்தகம் பத்து வேளைச் சாப்பாடு கொடுக்கிறது. ஒரு வேளைக்கு வலு நான்கு கூடும். சொன்ன இடத்தில் மட்டும்தான் சாப்பிடலாம். கட்டுச்சோற்றைப் பிரிக்க ஒரு வெள்ளைக்காரன் உத்தரவு எதற்கு என்று ஆச்சிக்குப் புரியவில்லை. பசித்தபோதெல்லாம் சாப்பிட்டார். குகையில் எதிரே வருகிறவர்களோடு முடிந்தவரை சண்டை போடவில்லை. பெட்டிகளைத் திறக்கவில்லை. “நம்ம வச்ச பெட்டியா?” மூன்றாம் நாள் கேட்டார்: “ஏட்டி, அவன் மலையில அவன் பாட்டுக்கு இருக்கான். நாம எதுக்கு வாளத் தூக்கிட்டுப் போறோம்?” இதற்குப் புத்தகத்தில் பதில் கிடையாது. ஆச்சிக்கு மலை என்றால் காரையாறு சொரிமுத்தையனார் கோயில்தான். ஆடி அமாவாசைக்குப் போய் ஆற்றில் குளித்து, பட்டவராயனுக்குச் செருப்பு காணிக்கை வைப்பதைப் பார்த்துவிட்டு வருவார். மலைக்குக் கொடுக்கப் போவார்கள். எடுக்கப் போகிற கதை அவருக்குப் புதிது.

புத்தகத்தின் நடுவில் ஒரு ஆறு வரும். எழுதியவர்களும் அங்கேதான் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்: ஆறு வரைக்கும் லிவிங்ஸ்டன், அக்கரை ஜாக்சன். கரையில் ஒரு படகுத்துறை. பலகையில் கட்டணம் இரண்டு பொற்காசு என்று எழுதியிருக்கும். படகுக்காரன் மூன்று கேட்பான். விலைவாசி ஏறிவிட்டதாம். “அதான் முதலியாரு பாலம் கெட்டுனாரு” என்றார் ஆச்சி. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே 1843-இல் தன் கைப்பணத்தில் பாலம் கட்டிய சுலோசன முதலியார். அதுவரைக்கும் அங்கே படகுதான். மூன்று காசு கொடுப்பதா வேண்டாமா என்று ஆச்சி யோசித்துக்கொண்டிருந்தபோது மாமாக்கள் வந்தார்கள்.

பெரிய மாமா சென்னையிலிருந்து வந்திருந்தார். ஆபரேஷன் வேண்டாம் என்பது அவர் கட்சி: இந்த வயதில் மயக்க மருந்து கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால்? தூத்துக்குடியிலிருந்து வந்த சின்ன மாமா செய்துவிடலாம் என்றார். அம்மா இரண்டு பக்கமும் பேசி அழுதார். ஒரு வாரமாகவே இது வராந்தாவில் நடந்துகொண்டிருந்தது. அன்றைக்குக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நடந்தது, ஆச்சியின் தலைக்கு மேலாக.

ஆச்சி சொன்னார்: “ஏலே, எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலயே.”

மாமாக்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

“இந்தப் பிள்ள ஒரு வாரமா மேக்க போறியளா கெழக்க போறியளான்னு எங்கிட்டதான் கேக்கா. டாக்டரக் கூப்புடு.”

டாக்டர் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ரெண்டு பக்கமும் என்ன இருக்குன்னு சொல்லுங்கய்யா” என்றார் ஆச்சி. டாக்டர் ஆச்சியின் முகத்தைப் பார்த்தே சொன்னார். செய்தால்: மயக்க மருந்து, இதயம், சர்க்கரையால் புண் ஆறாமல் போகலாம், எல்லாம் சரியாக வந்தால் வாக்கர் பிடித்து நடக்கலாம். செய்யாவிட்டால்: இன்றைக்கு ஆபத்து இல்லை. ஆனால் படுத்தே இருந்தால் படுக்கைப் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும், எழுந்து நடப்பது கஷ்டம். ஆச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, காலையில் சொல்கிறேன் என்றார்.

அன்று ராத்திரி நானும் அங்கேயே இருந்தேன். ஆச்சி ஒரு தாள் எடுக்கச் சொன்னார். “எனக்கு ஒரு கணக்கு எழுது. பொறக்கும்போது பன்னண்டுன்னு வச்சுக்க. முழுசாத்தான இருந்திருக்கும்.” சின்ன வயதில் அம்மை வார்த்துப் பிழைத்தது, ஒன்று கழி. சின்ன மாமாவைப் பெற்றபோது ரத்தம் நிற்காமல் போனது, ஒன்று கழி. 1992 நவம்பர் வெள்ளத்தில் ராத்திரியோடு ராத்திரியாக மச்சுக்கு ஏறியது, ஒன்று. பஸ் கவிழ்ந்தபோது சிராய்ப்போடு போனது, ஒன்று. தாத்தா நாற்பத்தெட்டு வயதில் போனது. “அதுல நான் தோத்தேன். தோத்தாலும் கழியும்லா?” கழியும் ஆச்சி. ஒன்று. இப்போது விழுந்ததில் தலையில் அடிபடாமல் இடுப்போடு போனதற்கு ஒன்று. ஆறு மிச்சம். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். “இன்னொன்னு கழி. என்னன்னு கேக்காத.”

ஐந்து என்று எழுதினேன்.

தாயக்கட்டையை எடுத்து நீட்டினேன். ஆச்சி வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்தார். “இதுக்கு உருட்டக் கூடாதுட்டி. உருட்டுறது அப்பொறம். போவணுமா வேண்டாமாங்கிறத நாமதான் சொல்லணும்.”

அவர் சொன்னது அந்தப் புத்தகத்தின் அமைப்பேதான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. மேற்கா கிழக்கா என்பதை முடிவு செய்ய அது பகடையை உருட்டச் சொல்வதில்லை. முதலில் வழியைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்த வழியில் என்ன ஆகிறது என்பதற்குத்தான் பகடை. நம் வீடுகளில் இந்த இரண்டையும் சேர்த்துத் ‘தலையெழுத்து’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். கல்யாணம், படிப்பு, எந்த ஊரில் இருப்பது, எந்த வைத்தியம் என்று ஆச்சிக்காக மற்றவர்கள் எடுத்த முடிவுகளும், அம்மையும் வெள்ளமும் ஒரே பெயரில் அவர் கணக்கில் ஏறியிருந்தன. நானூறு பத்திகளும் முன்பே அச்சாகிவிட்ட ஒரு புத்தகம்தான் அவற்றைப் பிரித்துக்காட்டியது. எழுதியாகிவிட்டதுதான், ஆனாலும் பக்கத்தைப் புரட்டுவது உன் கை.

காலையில் ஆச்சி “பண்ணுங்க” என்றார். இரண்டு நாள் கழித்து ஆபரேஷன் நடந்தது. மூன்று வாரத்தில் வாக்கர் பிடித்துக் கல்லிடைக்குறிச்சி வீட்டுத் திண்ணைவரை வந்துவிட்டார்.

ஆற்றைத் தாண்டி அவர் போகவே இல்லை. மீதியைச் சொல்லட்டுமா என்று கேட்டபோது, “அந்தக் கெழவன் புதையலு நமக்கெதுக்கு?” என்று முடித்துவிட்டார். ஜாக்சன் எழுதிய பாதி அவருக்குத் தேவைப்படவில்லை. கல்லூரி விடுதியில் இரண்டு நிஜப் பகடை வாங்கி நான் மட்டும் முடித்தேன். மந்திரவாதியைக் கொன்ற பிறகு பெட்டியைத் திறக்க மூன்று சாவி வேண்டும். சரியான சாவிகளை வழியில் எடுக்காதவர் பெட்டிமேல் உட்கார்ந்து அழவேண்டியதுதான். பெட்டிகளைத் திறக்காமலேயே போன ஆச்சிக்கு அது நடந்திருக்கும். அழுதிருக்கமாட்டார்.

அந்த விடுதியில்தான் ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதிர்ஷ்டம் 5 என்று வைத்துக்கொண்டால், கனசதுரப் பகடையில் தப்பிக்கும் வாய்ப்பு 36-க்கு 10. தாயக்கட்டையில் 16-க்கு 14. பன்னிரண்டுக்கு மறு ஆட்டம் உண்டு என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். அதே ஐந்துதான். எந்தக் கட்டை என்பதுதான் கேள்வி. ஆச்சிக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஐந்து என்று நான் எழுதிக் காட்டியபோது, “போதும்” என்று மட்டும் சொன்னார்.

அந்தத் தாள் சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது. ஆபரேஷனுக்காக ஒன்று கழித்து நான்கு என்று எழுதச் சொன்னார். புத்தகத்தில் அதிர்ஷ்டம் திரும்பக் கூடவும் வழி உண்டு என்று சொன்னதை மறக்கவில்லை. லீவுக்குப் போகும்போது எப்போதாவது, “ஏட்டி, ஒன்னு கூட்டிக்க” என்பார். படித்துறைவரை வாக்கரோடு போய்வந்த அன்று ஒன்று. பெரிய மாமா மகள் தான் கேட்ட படிப்பிலேயே சேர்ந்தபோது ஒன்று. மற்றவற்றுக்குக் காரணம் சொல்லவில்லை. 2015-இல் ஆச்சி போனபோது தாளில் ஒன்பது இருந்தது.