நெட்டை கிளாஸ்

ஐப்பசி மாதம், சனிக்கிழமை மத்தியானம். மதுரையிலிருந்து மேலூர் போகிற வழியில் வயலை ஒட்டினாற்போல் ஒரு பி.எட். கல்லூரி. பேர் வேண்டாம். வானம் இருட்டிக்கொண்டு வந்ததே தவிர மழை இறங்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் யானைமலையின் தலை மேகத்துக்குள் போயிருந்தது. முதுகு மட்டும் தெரிந்தது.

அங்கே கல்வி உளவியல் நடத்துகிற பேராசிரியை எனக்குப் பழக்கம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அன்றைக்கு முதல் வகுப்பு. வந்து பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு, "வாங்கண்ணே. பின்னாடி உக்காருங்க. என்ன நடந்தாலும் வாயத் திறக்கக் கூடாது" என்றார். ஒப்புக்கொண்டேன். அது எனக்கு எவ்வளவு பெரிய தியாகம் என்று வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

42 பேர் இருந்தார்கள். ஆண்கள் ஒன்பது பேர், சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் மினுங்க, கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் பெண்கள். சேலை இங்கே சீருடை மாதிரி. கல்யாண வீட்டுக்கு மட்டும் சேலை கட்டிய பிள்ளைகள் தினமும் கட்டுகிற முதல் வாரம் இது. எனக்கு முன் பெஞ்சில் இருந்த பெண், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள் என்று பேச்சில் தெரிந்தது, தோளில் குத்திய ஊக்கு அவிழ்ந்துவிட்டதா என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. எம்.எஸ்ஸி. முடித்துப் பத்து வருஷமாம். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார். செல்போனைக் கவிழ்த்து வைத்திருந்தாலும் கண் அதன்மேலேயே இருந்தது.

மதுரைச் சீமைக்கு வாத்தியார்களை உருவாக்குவது புதிய தொழில் இல்லை. தெப்பக்குளத்துப் பக்கம் கருமுத்து தியாகராஜன் செட்டியார் தொடங்கிய பிரிசெப்டர்ஸ் காலேஜ், டி.கல்லுப்பட்டியில் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம், திண்டுக்கல் போகிற வழியில் காந்திகிராமத்து லட்சுமி கல்வியியல் கல்லூரி. இன்னும் பின்னால் போனால், சமணர் படுக்கைகள் இந்த யானைமலையிலேயே இருக்கின்றன. 'பள்ளி' என்ற சொல்லே அந்தப் படுக்கையிலிருந்துதான் வகுப்பறைக்கு வந்தது என்பார்கள். கடைசி பெஞ்சில் தூங்குகிறவனை இனிமேல் யாரும் திட்ட வேண்டாம். அவன் சொல்லின் மூலத்துக்கு விசுவாசமாக இருக்கிறான்.

முன்பெல்லாம் பி.எட். ஒரே வருஷம், 40 நாள் டீச்சிங் பிராக்டிஸ். 2015-16 முதல் இரண்டு வருஷம்; பள்ளிக்கூடத்தில் மட்டும் 20 வாரம் இருந்தாக வேண்டும். காலம் நீண்டதே ஒழிய, கல்வி உளவியல் என்றதும் பழையவர்களுக்கு ஞாபகம் வருவது அதே மிருகங்கள்தான். பாவ்லோவின் நாய், 1898-இல் தார்ன்டைக் பெட்டிக்குள் அடைத்த பூனை, ஸ்கின்னரின் புறா, குச்சியோடு குச்சியைச் செருகி வாழைப்பழத்தை எட்டிய சுல்தான் என்ற சிம்பன்சி. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சொல்வார்: "அந்தத் தாளில் நாலு ஜீவன் வரும்ப்பா. பிள்ளை மட்டும் வராது."

இந்தக் கல்லூரியின் விளம்பரத் தாளில் 'இன்டராக்டிவ் வகுப்புகள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதற்காக வாங்கிய ஸ்மார்ட் போர்டு சுவரில் இருக்கிறது, தூசி படாமல் பழைய பெட்ஷீட் போர்த்தி. பேராசிரியை அதன் பக்கம் போகவே இல்லை. மேஜைமேல் ஒரு மரப்பலகையையும் நிமிர்ந்த கண்ணாடி ஒன்றையும் வைத்தார். உளவியல் ஆய்வக அலமாரியிலிருந்து ரெக்கார்டு எழுதும் மாதத்தில் மட்டும் வெளியே வருகிற கண்ணாடி வரைவுக் கருவி அது. தாளில் இரட்டைக் கோட்டால் ஒரு நட்சத்திரம் அச்சிட்டிருக்கும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் பென்சில் போக வேண்டும், கோட்டைத் தொடக் கூடாது. கை தெரியாதபடி ஒரு தட்டி மறைக்கும். கண்ணாடியில் தெரிகிற பிம்பத்தைப் பார்த்துத்தான் வரைய வேண்டும்.

"கணக்குப் படிச்சவங்க யாரு? கையெழுத்து நல்லா இருக்கும்னு பேர் வாங்கினவங்க?"

ஒரு பையனைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். சிரித்துக்கொண்டே வந்தான். முதல் கோடு நன்றாகப் போயிற்று. மூலையில் திரும்ப வேண்டிய இடத்தில் பென்சில் நின்றது. மேலே தள்ளினால் கண்ணாடியில் கீழே போகிறது. கீழே இழுத்தால் மேலே. பென்சில் முனை அதே இடத்தில் நடுங்கி, கொசு மொய்ப்பது மாதிரி ஒரு கரிப்புள்ளி உண்டாயிற்று. சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "மேல போடா, மேல." "லெஃப்டு, லெஃப்டு." "இது கூடத் தெரியலயா?" பையனின் சிரிப்பு நின்றுவிட்டது. காது மடல் சிவந்தது. மூக்கு நுனியில் வேர்வை கோத்தது. பேராசிரியை யாரையும் அடக்கவில்லை. ஸ்டாப் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். 3 நிமிஷம் 40 விநாடி. மறுபடி வரையச் சொன்னார்: 2 நிமிஷம் 15. மூன்றாம் தடவை, இப்போது யாரும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார்: 1 நிமிஷம் 20.

"மொதத் தடவை இவங்க சொன்னதெல்லாம் காதுல விழுந்துச்சா தம்பி?"

"விழுந்துச்சு மேம்." கையை உதறிக்கொண்டான். "கைதான் கேக்கல."

பேராசிரியை திரும்பிக் கரும்பலகையில் 'கை கேக்கல' என்று எழுதினார். அந்த வகுப்பில் அவர் பலகையில் எழுதிய முதல் வாசகம் அதுதான். பிறகு நின்றபடியே ஒரு கதை சொன்னார். 1953-இல் அமெரிக்காவில் ஒருவருக்கு வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பின் புதிதாக எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியல் அறிஞர் இதே நட்சத்திரத்தை அவரிடம் கொடுத்து, மூன்று நாள் வரைய வைத்தார். ஒவ்வொரு நாளும் அவர் இதைப் பார்த்ததே இல்லை என்றுதான் சொன்னார். ஆனால் நாளுக்கு நாள் தப்பு குறைந்துகொண்டே வந்தது. "அவருக்கு நட்சத்திரத்த மறந்துபோச்சு, கைக்கு மறக்கல. நீங்க ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைக்கு 'அ' எழுதச் சொல்லித் தர்றப்போ, யாருக்குச் சொல்லித் தர்றீங்கன்னு யோசிச்சுக்கங்க. காதுக்கா, கைக்கா?"

வாயைத் திறக்கக் கூடாது என்பதால் இங்கே எழுதிக்கொள்கிறேன். சிறு வயதில் எனக்குச் சில எழுத்துகள் இடம் வலம் மாறித்தான் வரும். நான் படித்த பள்ளியில் அதற்கு மருந்து மர ஸ்கேல். விரல் கணுவில் விழும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் அடியையும் மனம் நோகப் பேசுவதையும் தடை செய்துவிட்டது. நல்லது. அடிக்காமல் வேறு என்ன செய்வது என்று அந்தப் பிரிவில் இல்லை.

மணி மூன்றரைக்குக் கேன்டீன் அக்காவின் மகன் வந்தான். ஐந்து வயது. அரைக்கால் சட்டையின் பொத்தானுக்குப் பதிலாக ஊக்கு. அத்தனை சேலைகளைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். மேஜைமேல் ஒரே அளவான இரண்டு டீ கிளாஸ், ஜிகர்தண்டாக் கடையில் இருக்கிற மாதிரி ஒரு நெட்டை கிளாஸ், ஒரு சொம்பு நிறைய நன்னாரி சர்பத். சர்பத்தைப் பார்த்ததும் கதவை விட்டான்.

பேராசிரியை இரண்டு டீ கிளாஸிலும் ஊற்றினார். "ரெண்டும் சமமா இருக்கா பாரு."

பையன் குனிந்து, கண்ணை மேஜை மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தான். தராசு பிடிக்கிற செட்டியார் தோற்றார். "இதுல கொஞ்சம் கூட." இரண்டு சொட்டு விட்டார். மறுபடி குனிந்தான். "ஒண்ணாயிருச்சு."

ஒரு டீ கிளாஸிலிருந்த சர்பத்தை அப்படியே நெட்டை கிளாஸில் ஊற்றினார். "இப்ப எதுல கூட?"

யோசிக்கவே இல்லை. நெட்டை கிளாஸைத் தட்டினான். "இதுல."

வகுப்பில் ஒரு சலசலப்பு. அதற்குள் ஊக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த உசிலம்பட்டிப் பெண் எழுந்து முன்னால் போய்விட்டாள். யாரும் கூப்பிடவில்லை. வாத்தியார் வேலை ரத்தத்தில் இருக்கும் போல. முழங்காலை மடக்கிப் பையன் உயரத்துக்கு உட்கார்ந்து, "மேடம் வேற எதுவும் ஊத்தலையே தங்கம். நல்லாப் பாத்துச் சொல்லு. எதுல கூட?" என்றாள். குரலில் அவ்வளவு கனிவு.

பையன் அவளைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். விரல் நெட்டை கிளாஸை விட்டு மெதுவாக நகர்ந்து டீ கிளாஸுக்கு வந்தது. "அதுல."

எல்லோரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் அவனும் சிரித்தான். "குடிச்சுக்கோ" என்றார் பேராசிரியை. நெட்டை கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டு, டீ கிளாஸை அம்மாவுக்கு என்று எடுத்துக்கொண்டு, சிந்தாமல் நடந்து போனான்.

"இப்ப நடந்தத அஞ்சு வரியில எழுதுங்க. பாத்தத மட்டும்."

தாள்களை வாங்கி, அங்கேயே சிவப்பு மையால் கோடு போட ஆரம்பித்தார். கவனக்குறைவு, சுட்டிப் பையன், புரிந்துகொள்ளும் திறன் குறைவு, குழப்பமடைந்தான். ஒவ்வொன்றின் கீழும் கோடு விழுந்தது. "குழப்பத்த யாரு பாத்தா? என்ன கலர்ல இருந்துச்சு?" சிரிப்பு வந்தது, ஆனால் பலர் தங்கள் தாள் எப்போது வருமோ என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடையே பியாஜே என்ற உளவியல் அறிஞரைப் பற்றிச் சொன்னார். இளவயதில் பாரிஸில் பிள்ளைகளின் அறிவுச் சோதனைகளைத் தரப்படுத்துகிற வேலை அவருக்கு. சரியான விடைகளை எண்ணிப் போட்டுவிட்டுப் போகாமல், ஒரே வயதுப் பிள்ளைகள் ஏன் ஒரே மாதிரி தப்புச் செய்கிறார்கள் என்று தப்புகளின் பின்னாலேயே போனார்; ஜெனீவாவில் வாழ்நாள் முழுக்க அந்த வேலைதான். தன் மூன்று பிள்ளைகளைக் கூட உட்கார்ந்து கவனித்து எழுதி வைத்தார். இந்த டம்ளர் சோதனை அவர் வழி வந்தது.

ஒரு தாளில் சிவப்பு மை நின்றது. பேர் சொல்லாமல் படித்தார்:

"ரெண்டாவது தடவை கேட்டப்ப அவன் கிளாஸைப் பாக்கல. என் மூஞ்சியத்தான் பாத்தான்."

பேர் சொல்லத் தேவையே இல்லை. முன் பெஞ்சில் ஊக்கைத் தொடுகிற கை பாதியிலேயே நின்றிருந்தது.

பேராசிரியை அந்தத் தாளைத் தனியாக வைத்தார். 1974-இல் சூசன் ரோஸ், மேரியன் பிளாங்க் என்ற இருவர் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு வரிசையாக அடுக்கிய வில்லைகளைக் காட்டிச் செய்த சோதனையைச் சொன்னார். வரிசையை மாற்றுவதற்கு முன் ஒரு தடவை, மாற்றிய பின் ஒரு தடவை என்று ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டபோது பிள்ளைகள் அதிகம் தப்புச் செய்தார்கள். மாற்றிய பின் ஒரே ஒரு முறை மட்டும் கேட்டபோது தப்பு குறைந்தது. பெரியவர்கள் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால் முதலில் சொன்னது தப்பு என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. பியாஜே சொன்னது பொய்யென்று இதனால் ஆகிவிடாது என்றும் சேர்த்துக்கொண்டார். நெட்டை கிளாஸைப் பையன் முதலில் தட்டியது தட்டியதுதான். "நம்ம பையன் மாத்திச் சொன்னானே, அதுக்குள்ள சர்பத் எவ்வளவு, அக்கா எவ்வளவு? இந்த ரெண்டு வருஷமும் அதப் பிரிச்சுப் பாக்கத்தான் படிக்கப் போறோம்."

மணியடித்தது. நாளும் இடமும் பலகையில் எழுதிப் போட்டார். திங்கள்கிழமை முதல் பள்ளிக்கூட நோக்கல். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கத்து அரசுப் பள்ளிகளுக்குக் குழு குழுவாகப் போகிறார்கள். ஒரு வாரம் எந்தப் பாடமும் எடுக்கக் கூடாது, எந்தப் பிள்ளையையும் எதுவும் கேட்கக் கூடாது. ஆளுக்கொரு 40 பக்க நோட்டு. கடைசி பெஞ்சில், வாயைத் திறக்காமல்.