டாப்பெட் சத்தம்

அப்பா ஓட்டிய அம்பாசடர், பழைய 1489 சிசி எஞ்சின், என் கையில் ஒரு வருஷம்கூட ஓடவில்லை. டாப்பெட் சத்தம் பொறுக்காமல் இடைவெளியே இல்லாதபடி இறுக்கச் சொன்னவன் நான்தான். விருதுநகரில், சிவகாசி சாலைப் பட்டறையில் ஹெட்டைக் கழற்றினார்கள். எட்டு வால்வில் ஒரு எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு தீய்ந்திருந்தது. சூட்டில் தண்டு நீண்டு, வால்வு முழுக்க மூடாமல், நெருப்பு அந்தச் சந்தில் போயிருக்கிறது. வெளியே சத்தமே இல்லை.

2014இல் உற்பத்தி நின்ற வண்டி. வால்வு மதுரையில் அகப்பட்டது. பசை தடவித் தேய்த்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிவு பார்த்தார் மெக்கானிக். ராக்கருக்கடியில் ஃபீலர் தகடு லேசாகப் பிடித்து நகர்ந்தது. நோட்டு எண்ணும் விரலுக்குத் தெரிந்த பிடி.

"சத்தம் கொஞ்சம் இருக்கும் சார்."

தட்டுகிற வரிகளையெல்லாம் இறுக்கச் சொல்லி நான் எழுதிய மதிப்புரைகள் ஞாபகம் வந்தன. அதில் ஒருவர் பிறகு எழுதவேயில்லை.

"இருக்கட்டும் அண்ணாச்சி."