தேய்வும் தேர்வும்

நமக்காக உழைக்கும் பொருள்களுள், கண்ணில் நாடோறும் பட்டும் கருத்தில் ஒருபொழுதும் படாதன சில உள. மோட்டார் வண்டியின் டயர் அவற்றுள் ஒன்று. வண்டியின் நிறத்தைப் புகழ்வார் உளர். இருக்கையின் மென்மையை வியப்பார் உளர். எஞ்சினின் வலிமையைப் பேசுவார் பலர். ஆயினும், ஓடும் வண்டிக்கும் நிலத்திற்கும் உள்ள தொடர்பெல்லாம் நான்கு டயர்களின் அடியில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவினதாகிய நான்கு இடங்களில் மட்டுமே என்பதை நினைப்பார் மிகச் சிலர். ஓடுதலும் திரும்புதலும் நிற்றலும் அந்நான்கின் பிடிப்பினாலேயே நிகழ்கின்றன. அப்பிடிப்பு நழுவுமாயின் பிற சிறப்புகள் யாவும் பயனற்றனவாம்.

அத்தகைய டயர் தேய்ந்தவிடத்து வேறொன்றைத் தேர்ந்துகொள்ளும் முறை யாது? அஃது உரிய காலத்திற்கு முன்னரே தேயாவண்ணம் காக்கும் வழி யாது? இவை இரண்டு வினாக்களாகத் தோன்றினும் உண்மையில் ஒன்றே என்பது எம் துணிபு. பழைய டயர் எதனால் அழிந்தது என்று ஆராயாமல் புதியது வாங்குவோன், ஓட்டைக் குடத்தில் நீரை மீண்டும் மீண்டும் நிரப்புவோனை ஒப்பான்.

இத்துணிபு எமக்கு ஏட்டினின்றும் வந்ததன்று. யாம் வாழும் மந்தாரக்குப்பம், கடலூரினின்று விருத்தாசலம் செல்லும் வழியில், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களை அடுத்துள்ள ஊர். எம் தந்தையார் அங்கு வாடகைக் கார் ஓட்டுபவர். சென்னை விமான நிலையத்திற்கும், சிதம்பரத்திற்கும், நோயுற்றோரை ஏற்றிக்கொண்டு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கும் அவ்வண்டி இரவு பகலாகச் செல்லும். அது நின்றுவிடின் எம் இல்லத்து அடுப்பும் நின்றுவிடும்.

சென்ற ஆண்டு, எம் கல்லூரிக் கட்டணம் செலுத்த வேண்டிய திங்களில், அவ்வண்டியின் முன் டயர்கள் இரண்டும் 19,000 கிலோமீட்டர் ஓடிய அளவிலேயே அழிந்தன. நன்கு பேணப்பட்ட டயர் 40,000 கிலோமீட்டர் ஓடுதல் அரிதன்று. வெளிப்புறம் நோக்கின் பட்டன் இன்னும் ஆழமாகவே இருந்தது. வண்டியைத் தூக்கிப் பார்த்தபொழுதோ, உட்புற விளிம்பில் ரப்பர் முற்றும் தேய்ந்து கம்பி வெளிப்பட்டிருந்தது. ஒரு கடைக்காரர், "சாலை அப்படி, அண்ணே! நான்கையும் புதிதாக மாற்றிவிடுங்கள்," என்றார். மற்றொருவர் பயன்படுத்திய டயர்களைக் குறைந்த விலைக்குத் தருவதாக அழைத்தார். முன்னவர் சொற்படி நடப்பின் கட்டணப் பணம் போகும். பின்னவர் சொற்படி நடப்பின் வண்டியில் ஏறுவோர் உயிருக்கு உறுதியில்லை. எம் தந்தையார் இரண்டிற்கும் இடையே மயங்கி நின்றார்.

அந்நிலையில், எம் தெருவில் வாழும் முதிய மெக்கானிக் ஒருவர் அத்தேய்ந்த டயரின்மீது உள்ளங்கையை ஒருமுறை உள்நோக்கியும் ஒருமுறை வெளிநோக்கியும் தடவினார். ஒருபுறம் வழுவழுப்பாகவும் மறுபுறம் அரம்போலவும் கையில் பட்டது. "டயர்மேல் குற்றமில்லை, தம்பி, சக்கரம் நேராக நிற்கவில்லை," என்று எம் தந்தையாரிடம் கூறினார். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் முனை தளர்ந்து, முன் சக்கரங்கள் இரண்டும் சிறிதளவு வெளிநோக்கி விரிந்திருந்தன. பாதங்களை அகல விரித்து நடப்பவன் செருப்பு ஒருபுறமே தேய்வது போல, அவையும் ஒவ்வொரு சுழற்சியிலும் உள்விளிம்பைத் தரையில் உராய்ந்துகொண்டே ஓடின. அம்முனையின் விலை ஒரு டயரின் விலையில் மிகச் சிறு பகுதியே. அதனை மாற்றாது பொன்னாலே டயர் செய்து பூட்டினும் அதுவும் 19,000 கிலோமீட்டரில் அழிந்தே போயிருக்கும்.

தமிழ் பயிலும் எமக்கு அன்று ஓர் உண்மை விளங்கிற்று. தேய்ந்த டயர் ஓர் ஏடு, அதில் வண்டியின் நோய் எழுதப்பட்டிருக்கின்றது, படிப்பார்தாம் இல்லை. இரு விளிம்புகளும் தேய்ந்து நடுப்பகுதி தேயாதிருப்பின், காற்றுக் குறைவாக ஓடியது என்று பொருள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருப்பின் காற்று மிகுதி என்று பொருள். ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருப்பின் சக்கரங்களின் நிலை பிறழ்ந்துள்ளது. வீல் அலைன்மென்ட் பார்த்தல் வேண்டும். ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்திருப்பின், அதிர்வு தாங்கும் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருத்தல் கூடும். அன்றிச் சக்கரத்தின் எடை ஒருபுறம் சாய்ந்திருத்தலும் கூடும். பக்கச் சுவரில் கொப்புளம் போன்ற வீக்கம் காணப்படின் உள்ளிழை அறுந்தது என்க. அதனை ஒருநாளும் ஓட்டலாகாது.

இவற்றுள் மிகப் பெருந்தீங்கு விளைப்பது காற்றுக் குறைவே. வண்டியின் சுமையைப் பெரும்பாலும் தாங்குவது ரப்பர் அன்று. அதனுள் அடைபட்ட காற்றேயாம். பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், 1888-ஆம் ஆண்டில் தம் மகனுடைய மூன்றுசக்கர வண்டியின் பொருட்டுக் காற்றடைத்த டயரை ஆக்கினார். அவர் கண்ட பயன், இரும்பும் கட்டை ரப்பரும் தாங்காத அதிர்ச்சியைக் காற்று தாங்கும் என்பதே. காற்றுக் குறையின் பக்கச் சுவர்கள் ஒவ்வொரு சுழற்சியிலும் மடங்கி நிமிர்கின்றன. அம்மடிப்பால் வெப்பம் பிறக்கும். வெப்பத்தால் ரப்பர் உள்ளிழையை விட்டுப் பிரியும். ஈற்றில் டயர் வெடிக்கும். சித்திரை வைகாசி வெயிலில் எம் பகுதிச் சாலைகள் அடுப்புப்போற் கொதிக்கும் காலத்தில் இவ்விடர் இருமடங்காகின்றது.

டயரின் உயிர் அதன் உள்ளெலும்புக் கூட்டில் உள்ளது என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று பகரும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்ற கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்பார், 1946-இல் திருவொற்றியூரில் குழந்தைகள் விளையாடும் ரப்பர்ப் பலூன் செய்யத் தொடங்கினார். எம்.ஆர்.எப். என்று இன்று பெயர் பெற்ற அத்தொழில், 1952-இல் கைக்கொண்டது டயர் செய்தலை அன்று. தேய்ந்த டயரின்மேல் மீண்டும் ஒட்டும் ரப்பர் செய்தலையே. டயர் செய்யும் பணி 1961-இல் தொடங்கிற்று. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி முதன்முதல் வெளிப்பட்டதும் அவ்வாண்டிலேயே. லாரி, பேருந்து ஆகியவற்றின் டயர்களுக்கு அங்ஙனம் ரீட்ரெடிங் செய்யும் வழக்கம் இன்றும் உண்டு. உள்ளிழை நலமாயிருப்பின் தேய்ந்த டயர் புதுத்தோல் பெறும்; காற்றில்லாது ஓடி உள்ளிழை வெந்துபோயின், மேலே எத்துணை ரப்பர் இருப்பினும் அது பிணமே. எம் ஊர்ச் சுரங்கத்தில் நிலக்கரியைச் சுமந்தோடும் நீண்ட பெல்ட்டுகளுக்கும் இதுவே நியதி: வெளியே தெரிவது ரப்பர், பாரம் இழுப்பது உள்ளே மறைந்த இழை.

நிற்க, தேர்வு முறையை இனி நோக்குவோம். டயரின் பக்கச் சுவரில் ஒரு கல்வெட்டே பொறிக்கப்பட்டுள்ளது. 185/65 R15 88H என்றிருப்பின், 185 என்பது மில்லிமீட்டர் அளவிலான அகலம். 65 என்பது அவ்வகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு பக்கச் சுவரின் உயரம் என்பது. R என்பது ரேடியல் அமைப்பு. 15 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். 88 என்னும் எண் அந்த ஒரு டயர் 560 கிலோகிராம் தாங்கும் என்பதையும், H என்னும் எழுத்து மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம்வரை அது பொறுக்கும் என்பதையும் குறிக்கும். வண்டிக்குரிய அளவும் காற்றின் அளவும் பெரும்பாலும் ஓட்டுநர்க் கதவின் தூணில் ஒட்டப்பட்டிருக்கும். சுமை எண்ணும் வேக எழுத்தும் அங்குக் கூறியதினும் குறைதல் ஆகாது. அழகு கருதி அகலம் மிகுத்தலும் நன்றன்று.

அடுத்து நோக்கத்தக்கது வயது. நான்கு இலக்க எண் ஒன்று தனியே பொறிக்கப்பட்டிருக்கும். 2324 என்றிருப்பின், 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று கொள்க. ரப்பர் ஓடாமல் இருந்தாலும் மூப்படையும். ஆதலின் கடையில் நெடுங்காலம் கிடந்ததைப் புதியது என்று வாங்கலாகாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் காண்க. பயன்படுத்திய டயர் பளபளப்பாகத் தோன்றினும் அதன் உள்ளிழை பட்ட பாட்டை யார் அறிவார்? விலைக்குறைவு கண்டு அதனை வாங்குவோன், பிறர் உயிரைப் பணயமாக வைக்கின்றான்.

எத்துணைத் தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பதற்கும் டயரிலேயே குறி உண்டு. பள்ளங்களின் அடியில் 1.6 மில்லிமீட்டர் உயரமுள்ள சிறு மேடுகள் அமைந்துள்ளன. பட்டன் அம்மேட்டளவிற்குத் தேய்ந்துவிடின் டயரின் காலம் முடிந்தது. மழைநீரை வெளியேற்றுதற்கே அப்பள்ளங்கள் உள ஆதலின், ஐப்பசி மழைக்கு முன்னரே மாற்றிவிடுதல் அறிவுடைமை. நான்கையும் ஒருங்கே மாற்ற இயலாதார் ஓர் அச்சிற்குரிய இரண்டையேனும் சேர்த்து மாற்றுக. அப்புதிய இரண்டையும் பின்புறம் பூட்டுதலே நன்று. நனைந்த சாலையில் முன் சக்கரம் வழுக்கின் ஓட்டுநர் வேகத்தைத் தணித்துப் பெரும்பாலும் மீளலாம். பின் சக்கரம் வழுக்கின் வண்டி சுழன்றுவிடும்.

எம் தந்தையார் அவ்வாறே செய்தார். டை ராட் முனையை மாற்றி, பின்னிருந்த நல்ல டயர்களை முன்னே கொணர்ந்து, இரண்டு மட்டும் புதியன வாங்கிப் பின்னே பூட்டி, அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் செய்வித்தார். கட்டணம் ஒரு வாரம் தாழ்த்தேனும் செலுத்தப்பட்டது. அதன்பின் 22,000 கிலோமீட்டர் ஓடியும் நான்கு டயர்களும் நேராகவே தேய்ந்து வருகின்றன.

பேணும் முறைகள் சிலவே, எளியனவே. இருவாரத்திற்கு ஒருமுறையேனும், வண்டி ஓடிச் சூடேறுமுன் காற்றை அளந்து பார்த்தல் வேண்டும். பத்துப் பாகை வெப்பம் ஏறின் காற்றழுத்தம் ஒன்று முதல் இரண்டு பவுண்டு உயரும்; ஆதலின் சூடான டயரில் மிகுதி கண்டு காற்றை இறக்கிவிடலாகாது. ஸ்டெப்னியையும் மறத்தல் கூடாது. 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் இடம் மாற்றுக. பெருங்குழியில் விழுந்தெழுந்தால் அலைன்மென்ட் பார்க்க. நைட்ரஜன் அடைத்தோம் என்று அளவாமல் இருத்தல் வேண்டா; நாம் மூச்சு விடும் காற்றிலும் நூற்றுக்கு 78 பங்கு அதுவே. மிகுசுமையும் திடீர்ப் பிரேக்கும் ரப்பரைத் தின்னும் பசிகள்.

இவ்வளவிற்கும் செலவு சிறிது. வேண்டுவது கவனம் ஒன்றே. அக்கவனத்தைச் செலுத்துவோன் தன் பணத்தை மட்டுமன்று, நள்ளிரவில் நோயோடு தன் வண்டியில் ஏறி, அவனை நம்பிக் கண்ணயர்ந்திருக்கும் முன்பின் அறியாதார் ஒருவரையும் காக்கின்றான். ஆதலின் அன்பர்களே, புதிய டயர் வாங்கக் கடைக்குச் செல்லுமுன் பழைய டயரின்முன் சிறிது நேரம் குனிந்து நின்று, அதில் எழுதியிருப்பதைப் படித்துச் செல்லுங்கள்.